உடங்காடும் நாற்பத்தொரு ஆடுகளும்

காட்டு வேலையில் சேர்ந்து ஆறாவது மாதத்தில் நான் பிடித்த முதல் குற்றவாளிகள் நாற்பத்தொரு ஆடுகள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் சிறுத்தையைப் பற்றியும் சந்தனக் கட்டை கடத்தியவர்களைப் பற்றியும் சொன்னார்கள். நீங்கள் கண் இமைக்காமல் கேட்டதைப் பார்த்தேன். என்னிடம் அந்தச் சரக்கு கிடையாது. நான் முதலில் வேலை பார்த்தது அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வறண்ட பூமியில். அங்கே காட்டுக்குள் இருந்த மிகப் பெரிய பிராணி வெள்ளாடு. அதற்கு நான் பயப்படவில்லை. அதை மேய்த்தவருக்குத்தான் பயந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு வயது இருபத்தெட்டு. பாலவனத்தத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன், ஆகவே ஆங்கில உத்தரவைத் தப்பில்லாமல் படிக்கத் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் வேலை கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் சில காடுகளைச் சர்க்கார் ஊராரிடமே ஒப்படைத்திருந்தது. ஊர் ஐந்து பேரைப் பஞ்சாயத்தாகத் தேர்ந்தெடுக்கும். யார் மேய்க்கலாம், யார் எப்போது விறகு எடுக்கலாம் என்று அந்த ஐவரும் முடிவு செய்வார்கள். அவர்கள் சரியாக நடத்துகிறார்களா என்று பார்த்துவர என்னைப் போல ஒரு ஆள், ஒரு சைக்கிள். உங்கள் பயிற்சிக் கையேட்டில் மக்களோடு சேர்ந்து காட்டைக் காப்பது என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல அச்சிட்டிருக்கிறார்கள். அது புதிது இல்லை. அதில் வரும் சண்டைகளும் புதிது இல்லை.

பரளச்சிக்குத் தெற்கே ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த விவகாரத்தில் யார் செய்தது சரி என்று அந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சியாக நிற்பார்கள். ஊருக்கு மேற்கே உடங்காடு. உடைமரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரித்த குடை மாதிரி மேலே தட்டையாகப் பரந்து, நீள நீளமான வெள்ளை முள்ளோடு நிற்கும். ஊரின் அடுப்புக்கு விறகு, புஞ்சைக்கு வேலி முள், ஆட்டுக்குத் தீனி எல்லாம் அந்தக் காடுதான். நான் போனபோது காடு மெலிந்து கிடந்தது. மேற்குப் பாதியில் மரத்தைவிட வெறும் தரைதான் அதிகம். அந்தப் பாதியை மூன்று வருஷம் மூடிவைத்து விதை போட வேண்டும், ஆட்டை உள்ளே விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது.

உத்தரவு சரிதான். அதை நான் நிறைவேற்றிய விதம்தான் தப்பு. அருப்புக்கோட்டையில் ஆபீஸ் மேஜையில் வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்து ஒரே கோடு இழுத்தேன். பஞ்சாயத்துத் தலைவர் சங்கரலிங்கத்திடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் நிறையப் பருத்தி போடுகிற சம்சாரி, விவசாயியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆடு ஒன்றுகூடக் கிடையாது. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஆட்டுக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருணி இருந்தது. ஆடுகள் தண்ணீர் குடிக்கப் போகும் ஒற்றையடிப் பாதையை என் கோடு குறுக்கே வெட்டிவிட்டது. நான் அந்தக் கோட்டின் மேல் ஒரு தடவைகூட நடந்ததில்லை.

அப்போது வைகாசி மாதம். கோடு போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். மூடிய பகுதிக்குள் நானும் காட்டுக் காவல்காரரும் சேர்ந்து நாற்பத்தொரு ஆடுகளை மடக்கி, பரளச்சிக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்தோம். அத்துமீறி மேய்கிற ஆடுமாடுகளை அடைத்துவைக்கும் தொழுவத்துக்குப் பவுண்டு என்று பெயர். கதவைச் சாத்தியபோது எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

ஆடுகளின் சொந்தக்காரர் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். சீனியம்மாள் என்று பெயர். ஏறக்குறைய என் வயது. புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர் திரும்பவில்லை. அந்த மந்தைதான் அவருடைய மொத்தப் பிழைப்பு. சத்தம் போடுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. எதற்குப் பிடித்தீர்கள் என்று கேட்டார். உத்தரவைத் தமிழில் சொன்னேன். கடைசி வரை நின்று கேட்டார். பிறகு கேட்டார்:

"தண்ணிக்கு எந்தப் பக்கமாப் போகணும்னு அந்தக் காயிதத்துல போட்டிருக்கா?"

கேலிக்காகக் கேட்கவில்லை. அப்படி ஏதாவது எழுதியிருந்தால் அதன்படி போகலாம் என்றுதான் கேட்டார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சட்டம் சட்டம்தான் என்று ஏதோ சொல்லிவைத்தேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போக வெளுத்த வேட்டி கட்டி, பரளச்சியில் நான் தங்கியிருந்த அறையின் கதவைத் திறந்தால் வாசல் முழுக்க ஆட்டுக்குட்டிகள். பதினைந்துக்குக் குறையாது. பிறந்து இரண்டு வாரம் ஆகாததுகளும் அதில் இருந்தன. எல்லாம் ஒரே குரலில் கத்தின. சீனியம்மாள் கடைசிக் குட்டியைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார்.

"தாய்களப் பிடிச்சு வச்சுக்கிட்டீக. பிள்ளைகளையும் நீங்களே பாத்துக்கிருங்க காட்டய்யா. நான் சாயங்காலமா வந்து எட்டிப் பாக்குறேன்."

காட்டய்யா என்ற பெயர் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த நான்கு மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. டம்ளரில் பால் ஊற்றிக் கொடுத்தேன். குட்டிகள் பாலை உதறிவிட்டு என் விரலைச் சப்பின. கோரைப் பாயின் ஒரு ஓரம் போயிற்று. மேஜைமேல் ஏறிய ஒரு குட்டி மூடல் உத்தரவில் மேலதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்த மூலையைத் தின்றுவிட்டது. தெருவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்து, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆராதனைக்குப் போகாமலே மேய்ப்பன் ஆனேன்.

பவுண்டு விதிகளை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். பால்குடிக் குட்டிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. விதியில் இல்லாத இடத்தில் யார் முடிவெடுப்பது என்று யோசித்தேன். மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு வாரம். குட்டிகளுக்கு ஒரு வாரம் கிடையாது. அதனால் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தெருவழியாக ஊர்வலமாகப் போய் என் பொறுப்பில் பவுண்டைத் திறந்துவிட்டேன். தாய்களும் பிள்ளைகளும் சேர்ந்த சத்தத்தில் பவுண்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளது உள்ளபடி எழுதினேன். குட்டி தின்ற மூலையையும் சேர்த்துத்தான் எழுதினேன். அதற்குப் பதில் வரவேயில்லை.

அடுத்த நாள் சீனியம்மாளோடு அந்தக் கோட்டின் மேல் நடந்தேன். ஆட்டுப் பாதையை மூடாமல் கோட்டை வளைத்துப் போட்டோம். அரை நாள் வேலை. அதை முதலிலேயே செய்திருக்கலாம். உத்தரவு கையில் வந்ததும் முதலில் அதன் மேல் நடந்து பாருங்கள். உங்களோடு நடப்பதற்கு அந்த உத்தரவால் அதிகமாக இழக்கப்போகிறவரைக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னேன்.

ஐப்பசியில் மழை பெய்தது. மூடிய பாதியில் ஆள் வைத்துக் குழி தோண்டி, மரத்திலிருந்து பறித்த காய்ந்த உடைநெற்றை உடைத்து விதை எடுத்து வரிசையாக ஊன்றியிருந்தோம். மழை விட்டதும் ஆசையோடு போய்ப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருந்தது. மற்ற குழிகளில் விதை போட்டது போட்டபடி கல் மாதிரிக் கிடந்தது. அந்த வருத்தத்தோடு திரும்பியபோது பவுண்டுக்காரர் வழிமறித்தார். தொழுவத்துக்குள்ளே ஒரே முள்ளாக முளைத்துக் கிடக்கிறது, வெட்ட ஆள் வேண்டும் என்றார்.

போய்ப் பார்த்தேன். சுவர் ஓரமாக, அவர் ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளியிருந்த இடத்தில், நாற்றங்கால் மாதிரி உடங்கன்றுகள். வைகாசியில் பிடித்த அந்த நாற்பத்தொரு ஆடுகளும் காட்டில் நெற்றைத் தின்றுவிட்டு வந்து இங்கே போட்ட விதைகள். உடைவிதைக்குத் தோல் ரொம்பக் கெட்டி. ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்தால்தான் அது இளகும்.

பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டவனைப் போலச் சைக்கிளை மிதித்துக்கொண்டு சீனியம்மாளிடம் ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது தெரியாமத்தான் குழி தோண்டிக்கிட்டு இருந்தீகளா? நான் ஏதோ சர்க்காருக்கு நேத்திக்கடன்னு நெனச்சேன்."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

அடுத்த வருஷம் நெற்று விழும் பருவத்தில் ஆடுகள் பகலெல்லாம் கிழக்குப் பாதியில் மேய்ந்தன. பொழுது சாய்ந்ததும் மேற்குப் பாதியின் வெறும் தரையில் அவற்றுக்குக் கிடை போட்டோம். கிடை என்றால் ஆடுகளை ஒரே இடத்தில் மறித்துப் படுக்கவைப்பது. எருவுக்காகப் புஞ்சையில் போடுவது வழக்கம். நாங்கள் விதைக்காகக் காட்டில் போட்டோம். முளை கண்டதும் ஆட்டை அந்தப் பக்கமே விடுவதில்லை என்று சீனியம்மாள் சொன்னார். சொன்னபடி நின்றார். மூடிய காட்டுக்குள் ஆடு கூடாது என்பது விதி. நான் அறிக்கையில் இயற்கை முறையில் பதப்படுத்திய விதை என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நாம் கொஞ்சம் சாய்ந்து உட்காரும்போதுதான் ஒருவர் வந்து சேர்வார். எங்கள் ஊருக்குக் கரிக் குத்தகைக்காரர் வந்தார்.

யுத்தத்தினால் பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். ஆகவே எங்கே பார்த்தாலும் கரிக்கு அலைந்தார்கள். ஒரு தை மாதக் காலையில், காட்டுக்குப் பக்கத்தில் பருத்தி காய் பிடித்து நின்ற நேரம், நான் சைக்கிளில் போய் இறங்கினால் காட்டு ஓரத்தில் பன்னிரண்டு பேர் கோடாலியோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் குத்தகைக்காரர். வெள்ளைச் சட்டை, ரொம்ப மரியாதையான மனிதர். அவர் பக்கத்தில் நம் தலைவர் சங்கரலிங்கம்.

குத்தகைக்காரர் ஒரு உத்தரவை நீட்டினார். என் மேலதிகாரியின் கையெழுத்து முழுசாக இருந்தது. சங்கரலிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். ஊரில் சிலரிடம் பேசியாகிவிட்டதாம். மரம் போனால் பூமி மிஞ்சும், உழுது கம்பாவது விதைக்கலாம் என்பது அவர் கணக்கு. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். வறண்ட பூமியில் சம்சாரிக்கு நிலத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

உத்தரவைப் படித்தேன். யுத்தத் தேவை என்று முதல் வரியிலேயே இருந்தது. அதைத் தாண்டிக் கண் நகரவில்லை. யுத்தத்துக்குக் குறுக்கே நிற்க நான் யார்? பின்னால் ஒருவர் கோடாலியைக் கல்லில் தீட்டத் தொடங்கினார். அந்தச் சத்தத்தில் இரண்டாம் தடவையும் படித்தேன், மனசில் ஏறவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மர நிழலில் உட்கார்ந்து மூன்றாம் தடவை படித்தேன். அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊர்க் காட்டிலிருந்து இத்தனை லோடு கரி, அறுபது நாளைக்குள், அருப்புக்கோட்டை பஸ் ஷெட்டில் சேர வேண்டும். அவ்வளவுதான். மரத்தை அடியோடு வெட்டு என்று எங்கேயும் இல்லை.

திரும்பி வந்து அதைச் சொன்னேன். குத்தகைக்காரர் சிரித்தார். கரி மரத்திலிருந்துதானே வரும் என்றார். கிளையிலிருந்தும் வரும் என்றேன். மரத்தைக் கொல்லாமல் கிளையைக் கழித்து இவ்வளவு கரி யார் சுடுவது என்று கேட்டார். அது ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்ய வேண்டியது, ஐந்து பேரும் வரட்டும் என்றேன். உண்மையில் எனக்கு நேரம்தான் தேவைப்பட்டது.

ஐந்து பேரும் வந்தார்கள். இருவர் தலைவர் பக்கம். மற்ற இருவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்ன பேசினாலும் சர்க்கார் ஆள் பேசுவதாகத்தான் இருந்தது. சீனியம்மாள் மந்தையோடு சற்றுத் தள்ளி நின்றார். அவர் பஞ்சாயத்தில் கிடையாது. பெண்கள் யாருமே கிடையாது. அவரைப் பேசச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. அவர் என்னிடம் அனுமதி கேட்கவும் இல்லை.

"தலைவரய்யா, காடு போனா என் ஆடு எங்க போகும்?"

"அது ஒன் பாடு, சீனியம்மா."

"என் பாடுதான். ஆனா ஆட்டுக்குப் பட்டினி கெடக்கத் தெரியாதே. காட்ட எடுத்துட்டா இங்கேருந்து அது கண்ணுக்கு மொதல்ல தெரியிறது ஒங்க பருத்திதான். நான் ஒருத்தி, எத்தனைய மறிப்பேன்? சரி, ஆட்ட வித்துட்டு நானும் கொழும்புக்குப் போயிர்றேன்னு வைங்க. வார வருசம் ஒங்க புஞ்சையில யாரு கிடை போடுவாக? எருவுக்கு யாருகிட்டப் போவீக?"

கோடாலி தீட்டியவர் நிறுத்திவிட்டார். சங்கரலிங்கம் தன் பருத்தியைப் பார்த்தார். பிறகு ஆடுகளைப் பார்த்தார். ஆடுகளும் அந்தப் பருத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அதை நான் இட்டுக்கட்டவில்லை.

அவர் குத்தகைக்காரரிடம் போய், "ஒங்களுக்கு வேண்டியது கரிதான? நாங்களே சுட்டுத் தாறோம்" என்றார்.

குத்தகைக்காரர் கோபப்படவில்லை. அறுபது நாளில் ஒரு லோடு குறைந்தாலும் மறுநாள் கோடாலி உள்ளே வரும் என்று மட்டும் சொன்னார். அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பாக நான் கையெழுத்துப் போட்டேன். தவறினால் வேலை போகும் என்று தெரிந்துதான் போட்டேன்.

கிளையைக் கழிப்பதென்று முடிவானதும், எவ்வளவு தடிமன் வரை வெட்டலாம் என்று பேச்சு வந்தது. நான் அங்குலத்தில் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. சீனியம்மாள் தன் கையில் கிடந்த பித்தளை வளையலைக் கழற்றிக் கொடுத்தார். இதற்குள் நுழைகிற கிளையை வெட்டலாம், நுழையாததைத் தொடக்கூடாது. அன்றிலிருந்து அந்த வளையல்தான் சட்டம். ஒரு வாரம் கழித்து ஒரு வீட்டுக்காரர் தன் மனைவியின் வளையலைக் கொண்டுவந்து இதுவும் வளையல்தானே என்று வாதாடினார். அந்த அம்மாள் நல்ல வாட்டசாட்டமானவர். ஒரு பொழுது முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் சீனியம்மாளின் வளையலுக்குப் பஞ்சாயத்து முத்திரை கட்டித் தலைவர் இடுப்பில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு ஒருவர், முறை வைத்துக் கிளை கழித்தோம். மூட்டம் போடத்தான் யாருக்கும் தெரியவில்லை. விறகை அடுக்கி மண்ணால் மூடி, காற்று புகாமல் வேகவைப்பது மூட்டம். நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை வைத்து முதல் மூட்டத்தை நானே போட்டேன். ஒன்பதாம் நாள் குத்தகைக்காரர் பார்க்க வந்தார். அவர் முகத்தைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஆறவில்லை என்று உள்ளே ஒரு எண்ணம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. இருந்தும் இப்போதே காட்டுகிறேன் என்று மண்ணை விலக்கினேன். காற்று உள்ளே பாய்ந்தது. கரியெல்லாம் சிவந்தது. தண்ணீர் தூக்கி வருவதற்குள் பாதி சாம்பல், சாயங்காலத்துக்குள் முழுசும் சாம்பல். ஊரே பாடுபட்டுக் கழித்த கிளைகள். குத்தகைக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

ஊர்க்காரர்கள் திட்டவில்லை. சங்கரலிங்கம் மட்டும், "காட்டய்யா, இனிமே நீங்க எண்ணிக்கை மட்டும் பாருங்க" என்றார். எதிராளி முகத்துக்காக எதையும் திறக்காதீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் விலை கூடின புத்தி இதுதான்.

இரண்டு நாள் கழித்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அந்தோணி என்று பெயர். அன்றைக்குக் கோடாலியோடு நின்ற பன்னிரண்டு பேரில் ஒருவர். குத்தகைக்காரருக்குக் கரி சுடுவதே அவர்தான். ஏன் அங்கே விட்டு இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். வேவு பார்க்க வந்தவரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

"அவுககிட்ட இருந்தா இந்தக் காடு முடிஞ்சதும் அடுத்த காடு. பதினஞ்சு வருசமா ஊரு ஊராப் போறேன். நீங்க கிளையத்தான கழிக்கிறீக. அது தழையும். வருசா வருசம் ஒரே எடத்துல வேலை இருக்கும்ல. பெண்டாட்டி பிள்ளையோட இருந்துக்கிருவேன்."

ஒரு காடு நிலைத்து நிற்பதால் என்ன லாபம் என்று பிற்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அவரை நம்புவதா வேண்டாமா என்று ஊர் யோசித்தது. சீனியம்மாள் போய் அவர் மனைவியிடம் அரை நாள் பேசிவிட்டு வந்து, நம்பலாம் என்றார். அந்தோணி புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார். வெள்ளையாக வந்தால் விறகில் இன்னும் ஈரம். நீலமாக மாறினால் வெந்துவிட்டது. அதன் பிறகும் ஓட்டையெல்லாம் மண்ணால் அப்பி நாள் கணக்கில் ஆறவிடுவார். நான் அந்தப் பக்கம் போனாலே மண்வெட்டியைத் தூக்கித் தன் பின்னால் வைத்துக்கொள்வார்.

ஐம்பத்தெட்டாம் நாள் கடைசி லோடு வண்டியில் ஏறியது. சங்கரலிங்கம் தன் சொந்த மாட்டைப் பூட்டினார். சீனியம்மாளும் அந்தோணியும் நானும் கூடப் போனோம். பஸ் ஷெட்டில் மெக்கானிக் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். கிண்ணென்று உலோகம் மாதிரிக் கேட்டது. குத்தகைக்காரர் மூட்டைகளை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினார். சரியாக இருந்தது. அடுத்த வருஷமும் இதே மாதிரிக் கரி கிடைக்குமா என்று சங்கரலிங்கத்திடம் கேட்டார். பஞ்சாயத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் நம் தலைவர். அந்தப் பதிலை அவர் வாயால் கேட்டபோது எனக்கு ஒரு லோடு கரி கொடுத்ததைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மாட்டு வண்டியை ஆளிடம் விட்டுவிட்டு, நாங்கள் சுட்ட கரி போட்ட பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். அருப்புக்கோட்டையைத் தாண்டி ஒரு மேட்டில் வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள் என்றார் கண்டக்டர். தலைவர் இறங்கினார், அந்தோணி இறங்கினார், நான் இறங்கினேன். சீனியம்மாள் மட்டும் ஜன்னலோரம் அசையாமல் இருந்தார்.

"கரியும் நாங்க குடுத்து, தள்ளவும் நாங்களா? நீங்க தள்ளுங்க, நான் பாத்துக்கிர்றேன்."

கண்டக்டரும் சேர்ந்துதான் தள்ளினார்.

அடுத்த வருஷம் மேலதிகாரி நேரில் வந்தார். பஞ்சாயத்துக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'சீனியம்மாள் சொன்னபடி' என்று இருந்தது. யார் இந்தச் சீனியம்மாள், உறுப்பினரா, எந்த விதிப்படி என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சங்கரலிங்கம் முந்திக்கொண்டார்.

"அவுக பதவியில எல்லாம் இல்லைங்க. அவுக வராம கூட்டம் நடக்காது, அம்புட்டுத்தான்."

மேலதிகாரி எழுதிவைத்திருந்த கேள்விகளை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் காட்டைப் பார்க்கலாம் என்றார். மேற்குப் பாதியில் கன்றுகள் இடுப்பளவு வந்திருந்தன. கிழக்கே கழித்த கிளைகள் தழைத்திருந்தன. ரொம்ப நேரம் நடந்தார். போகும்போது அவருடைய தொப்பியை ஆடு தின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் வேலி முள்ளுக்கு அடித்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் விறகுக்கு உள்ளே வந்தார்கள். நிலத்தின் மேல் ஆசை சிலருக்குத் தீரவே இல்லை. ஊர்க்காடு என்றால் அதில் சண்டை ஓயாது. சண்டை நின்றுவிட்டது என்று யாராவது அறிக்கை அனுப்பினால், அங்கே யாரோ ஒருவரைப் பேசவிடாமல் செய்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

யுத்தம் முடிந்த பிறகு எனக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். அந்தோணியின் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தார். தலைவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லை வரை வந்தார். சீனியம்மாள் காட்டு ஓரத்தில் நின்றவர், எனக்குப் பிறகு வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் யார் என்பதே தெரியாது.

"கேட்டாச் சொல்லுவோம், காட்டய்யா. கேக்குறவுகளாப் பாத்து அனுப்பச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கு அப்போது இல்லை. ஓய்வு பெறும் வரை வரவும் இல்லை. ஆகவே இத்தனை வருஷம் கழித்து, உங்கள் முன்னால் நின்று, அவர் சொன்னதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கிறேன். நாளைக்கு உங்களுக்கு ஊர் ஒதுக்குகிறார்களாம். நல்ல செருப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், நிறைய நடக்க வேண்டியிருக்கும்.